மிளகாய்க் காட்டில் முளைத்த மலை

களஞ்சியத்தின் மிளகாய்க் காட்டில் மலை முளைத்தது ஒரு மாசி மாதத்துக் காலையில், குண்டு மிளகாய் பழுத்துச் செடிக்குச் செடி சிவந்து நின்ற நேரத்தில். பறிப்புக்கு வந்த பெண்கள் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கியதும் கால் சுடுகிறதே என்று ஒருத்தி சொன்னாள், எனக்கும்தான் என்று அடுத்தவள் சொன்னாள், பிறகு எல்லோரும் கரையேறிச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பறிப்பைத் தொடர்ந்தார்கள், ஏனென்றால் பழுத்த மிளகாய் யாருக்காகவும் காத்திருக்காது. மதியம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது காட்டின் நடுவே தரை வெடித்து, அந்த வெடிப்பிலிருந்து கொதிக்கிற வெல்லப்பாகு போல ஒன்று பொங்கி வழிந்து, பக்கத்துச் செடியைத் தொட்டுக் கருக்கி, அதற்கடுத்த செடியைத் தொட்டுக் கருக்கி, அவசரமில்லாமல் வாய்க்கால் பார்த்து நடந்தது. களஞ்சியம் எழுந்து கையைக் கழுவிவிட்டு, "மேல்பாத்தியை மொதல்ல பறிச்சிருங்கத்தா, அது வர்றதுக்குள்ள" என்றாள். பறித்தார்கள். அது அவர்கள் பறிக்கும் வேகத்துக்கு ஒரு பாத்தி பின்னாலேயே வந்தது.

குருவியேந்தல் உள்ளங்கை போலத் தட்டையான ஊர். அந்த வட்டாரத்திலேயே உயரமான பொருள் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான், அதன்மேல் ஏறி நின்றால் கடல் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்கள், ஏறியவர்கள் எல்லோரும் நாலு திசையிலும் கருவேலங்காட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். ஐப்பசியில் கிழக்கேயிருந்து மேகம் வரும், கரும்பன்றிக் கூட்டம் போல வரும், ஊரே வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கும், மேகம் ஊரைத் தாண்டி மேற்கே மலை இருக்கிற சீமைக்குப் போய்விடும். அப்படிப் போகும்போதெல்லாம் களஞ்சியத்தின் தம்பி வில்லாயுதம், "நிறுத்த ஆளில்லாமப் போகுது பாரு" என்று சொல்லுவான், வாசலில் நின்று வழியனுப்புகிறவனைப் போல மேற்கே பார்த்துக்கொண்டே நிற்பான்.

வில்லாயுதம் அந்த ஊரின் தலைவன். தாய் இறந்தபோது தவழ்கிற பிள்ளையாக இருந்தவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா களஞ்சியம்தான், அவனுக்காகவே கட்டிக்கொண்டு போன வீட்டிலிருந்து புருஷனை இங்கே அழைத்துவந்து குடிவைத்தாள், புருஷன் செத்த பிறகும் அவனுக்குச் சோறு போட்டாள். வாலிபத்தில் அவனுக்குப் பெண் கேட்டு நத்தம் பக்கம் போனார்கள். பெண்ணைப் பெற்றவர் பலகாரமெல்லாம் கொடுத்துவிட்டு, "மேகத்தைப் பிடிச்சு நிறுத்த ஒரு குன்றுகூட இல்லாத ஊரு உங்களுது. எம்பொண்ணு எதைக் குடிப்பா?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, கவலையாகக் கேட்டார், அதனால்தான் அது வில்லாயுதத்தின் நெஞ்சில் தங்கிவிட்டது. அவன் பிறகு பெண் பார்க்கவே போகவில்லை. தலைவனாகி, ஊருக்குக் குழாய் போட்டான், கண்மாயைத் தூர் வாரினான், குழாயிலும் கண்மாயிலும் வருவதற்குத் தண்ணீர்தான் இல்லை.

ஆகவே மிளகாய்க் காட்டில் கல் உருகி ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஓடி வந்தவன், வரப்பில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, சின்னப்பிள்ளை போலச் சிரித்தான்.

"யக்கா, நமக்கு மலை வந்துருச்சுக்கா."

"வரட்டும்ய்யா" என்றாள் களஞ்சியம். "செருப்பைப் போட்டுக்க."

காடு அவளுடையது, புருஷன் இங்கே குடிவந்து வாங்கிப் போட்டது, அவள் சோற்றுக்கு அதுதான் இருந்தது. அது போகிறதே என்று அவள் நினைத்தாளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

அந்த வருஷம் முழுக்க அது வழிந்தது. இளகலாக இருந்ததால் எங்கேயும் நிற்காமல் தூரம் தூரமாக ஓடி ஓடி ஆறியது, ஆறினதன்மேல் அடுத்தது ஓடியது, தோசைமேல் தோசை வார்த்தது போலக் கல்லின்மேல் கல் படிந்து அகலமாகிக்கொண்டே போனதே தவிர உயரவில்லை. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஆறின கல் கறுப்பாய், வழவழப்பாய், எப்போதும் இளஞ்சூடாய் இருந்ததால் மிளகாயை அதன்மேல் காயப்போட்டார்கள், களத்தில் ஒரு வாரம் காய்கிற மிளகாய் ஒரே வெயிலில் கலகலவென்று ஆனது. பிள்ளை பெற்ற பெண்களை இடுப்புவலிக்கு அதன்மேல் உட்கார வைத்தார்கள். நெல் அவித்தார்கள், வடகம் பிழிந்தார்கள், ஆடுகள் மார்கழிப் பனிக்கு அங்கேயே போய்ப் படுத்துக்கொண்டு பட்டிக்குத் திரும்ப மாட்டேன் என்றன. தாலுகா ஆபீசிலிருந்து அளக்க வந்தவர்கள், சரிவை அளந்தால் காடு பெரிதாகியிருக்கிறது, தரையை அளந்தால் அதே காடுதான் இருக்கிறது என்று குழம்பி, இரண்டு டீ குடித்துவிட்டு மறுபடி வருகிறோம் என்று போனார்கள்.

வில்லாயுதம் மட்டும் வாடிப்போனான். தினமும் காலையில் தள்ளி நின்று பார்ப்பான். அது கவிழ்த்துவைத்த தட்டு போல, போர்க்காலத்துக் கேடயத்தைத் தரையில் போட்டது போலக் கிடந்தது. "இதுமேல மேகம் தடுக்கி விழுமாக்கா?" என்று கேட்பான். "மெதுவா வரும்ய்யா" என்பாள் அவள்.

அப்போதுதான் திலகவதி வந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் மண்ணும் கல்லும் பற்றிப் பாடம் நடத்துகிறவள், விடுமுறைக்கு ஒரு வாரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்து, களஞ்சியத்தின் வீட்டு முன்னறையில் பெட்டியை வைத்தவள் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டாள். முதல் நாள் சாப்பாட்டின்போதே வில்லாயுதம் கேட்டான்.

"டீச்சரம்மா, இது ஏன் ஒசர மாட்டேங்குது?"

திலகவதி சிரிக்கவில்லை. தட்டிலிருந்த ரசத்தைக் காட்டினாள். "இதைக் குவிச்சு வைக்க முடியுமா அண்ணே? ஓடிரும். களியா இருந்தாக் குவியும். உள்ளேயிருந்து வர்றது இளகலா இருக்கிற வரைக்கும் மலை இப்படித்தான் படுத்தே வளரும். அதுல அடைபட்ட ஆவியும் சுலபமாக் கழண்டு போயிரும். இதைவிட சாதுவான மலை கெடையாது. நீங்க குடுத்துவச்சவங்க."

"களியா வருமா?"

"உள்ளயே ரொம்ப காலம் தங்கிட்டா கெட்டியாகும். அது ஆயிரம் ரெண்டாயிரம் வருஷம் பிடிக்கிற சங்கதி" என்றாள், பிறகு ஜன்னல் வழியே அதைப் பார்த்து, "ஆனா இந்த மலைக்கு வருஷக்கணக்கெல்லாம் தெரியலையே, என்னத்தைச் சொல்ல" என்றாள்.

வில்லாயுதம் அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் கறுப்புக் கல்லுக்கு ஒரு சொம்பு பால் ஊற்றினான். ஒசந்து வா தாயே, என்று வேண்டிக்கொண்டான். அவன் வேண்டுதலுக்காகத்தான் பின்னால் அது உயர்ந்தது என்று ஊர் சொன்னது. அப்படியெல்லாம் இல்லை என்று திலகவதி சொன்னாள். எப்படியோ, அடுத்த சித்திரையில் வழிவது நின்று, அது வழிந்த வாய் தெறிக்க ஆரம்பித்தது. அடைபட்ட ஆவி நுரைத்துக் குதித்து, உருகின கல்லைச் சொட்டுச் சொட்டாக ஆகாயத்தில் வீச, அவை மேலேயே ஆறி, பொரிகடலை போலப் பொரிந்து, ஓட்டை ஓட்டையாய் லேசான கற்களாக வாயைச் சுற்றிலும் விழுந்தன. களத்தில் மேலேயிருந்து நெல்லைக் கொட்டினால் அம்பாரம் எந்தச் சாய்வில் நிற்குமோ அந்தச் சாய்வில், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, ஒரு குன்று நின்றது. மேலே உச்சியில் கிண்ணம் போலக் குழி. கார்த்திகைக்குள் அது தண்ணீர்த் தொட்டியைவிட உயர்ந்துவிட்டது. ஊர் மேளம் வைத்து அதைச் சுற்றி வந்தது.

கிழக்கே இருந்த ஊர்க்காரர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். சாயங்காலமானால் உங்கள் மலையின் நிழல் எங்கள் வயலில் விழுகிறது, நெல் முற்ற மாட்டேன் என்கிறது, நிழலை நிறுத்துங்கள் என்றார்கள். வில்லாயுதம் அவர்களுக்குப் பாயை விரித்து உட்காரவைத்து, "நெழலை வச்சுக்கங்க, மழை வந்தா அதிலயும் பாதி உங்களுக்கு" என்றான். அவர்கள் சமாதானமாகவில்லை, ஆனால் மழை என்ற சொல்லைக் கேட்டதும் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழை வரவில்லை. ஒரே ஒரு தூறல் வந்தது, அதற்கே குன்றின் மேல் ஓடை ஓடையாய் அரித்துக்கொண்டு பொரிக்கற்கள் சரிந்தன. வெறும் குவியல்தானே, ஒட்டாது, என்றாள் திலகவதி. வில்லாயுதம் சரிந்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டுபோய் மேலே போட்டான். ஊரும் அவனோடு அள்ளிப் போட்டது.

பிறகு வந்ததுதான் கெட்டியானது. எப்போது மாறியது என்று சொல்ல முடியாது, ஒரு நாள் காலையில் உச்சிக் கிண்ணத்தின் விளிம்பில் களி போல ஒன்று பிதுங்கி, நகரவே மனமில்லாமல் நகர்ந்து, பாதிச் சரிவிலேயே இறுகி நின்றுவிட்டது. அதன்மேல் சாம்பல் பொழிந்தது. சாம்பலின்மேல் மறுபடி களி வந்தது. பொழிவதும் பிதுங்குவதுமாக, மண்சுவர் வைக்கிறவர்கள் ஒரு வரிசை மண்ணும் ஒரு வரிசை கல்லும் வைத்து ஏற்றுவதைப் போல, அடுக்கின்மேல் அடுக்காக ஏறி, அடியில் சாய்வாகவும் மேலே போகப்போகச் செங்குத்தாகவும், காலண்டரில் போட்டிருக்கிற மலை எப்படி இருக்குமோ அப்படியே அது எழுந்து நின்றது. சாம்பல் விழும் நாட்களில் ஊர் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தது, கொடியில் காயப்போட்ட வேட்டியை உதறி உதறிக் கட்டிக்கொண்டது. அந்தச் சாம்பலில் எது போட்டாலும் விளைந்தது. பஸ் கண்டக்டர்கள் குருவியேந்தல் என்பதை விட்டு மலையடி என்று கூவ ஆரம்பித்தார்கள். நத்தத்துப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படி வந்தவர்களில் பெண்ணைப் பெற்ற அந்தப் பழைய பெரியவரின் குடும்பத்தார் யாராவது இருக்கிறார்களா என்று வில்லாயுதம் கேட்கவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

அவனுக்கு நரை விழுந்திருந்தது. காலையில் மலையேறி, சரிவில் புங்கையும் வேம்பும் நட்டான். களஞ்சியம் அவனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு ஏறுவாள். உச்சியில் களி இறுகி மூடிக்கொண்ட இடத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து மிஞ்சியிருந்தது, அதன் வழியாகத்தான் மலை புகை விட்டது. அதற்குக் கொஞ்சம் தள்ளி அவள் உட்காருவாள். உள்ளே அது மூச்சு விடுவது அவளுக்குக் கேட்கும், சில நாள் நீளமாக, சில நாள் திணறித் திணறி. வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாத ஒருத்தி பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைப் போல அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஐப்பசி வந்தது, கிழக்கேயிருந்து மேகம் வந்தது, ஊர் வாசலுக்கு வந்தது. மேகம் மலையில் முட்டி நின்றது. நின்றதும் ஊர் மூச்சைப் பிடித்தது. உச்சிப் பொந்திலிருந்து எழும்பிய புகையும் சூடும் மேகத்தின் அடிவயிற்றில் முட்ட, அது கலைந்து, இரண்டாகப் பிரிந்து, மலையின் இருபக்கமும் வழிந்து மேற்கே போய்விட்டது. அடுத்த வருஷமும் அப்படியே ஆனது. அந்த இரண்டாம் வருஷம் வில்லாயுதம் வாசலில் நின்று மேற்கே பார்க்கவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டான். புகை வருகிற வாயை அடைத்துவிட்டால் மேகம் நிற்கும் என்றான். கல்லும் செம்மண்ணும் இருக்கிறது, கண்மாய் மடைக்குப் பூசுகிற மாதிரி சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்துப் பூசிவிட்டால் காலத்துக்கும் நிற்கும் என்றான். ஊருக்கு அது நியாயமாகப் பட்டது.

திலகவதி எழுந்து நின்றாள். "வேண்டாம்ணே. அதை மட்டும் செய்யாதீங்க. இப்ப உள்ள இருக்கிறது பழைய இளகல் இல்ல, கெட்டி. அதுக்குள்ள அடைபட்ட ஆவி வெளியேற முடியாமத் தவிக்குது, அந்த ஒரு வாய்தான் அதுக்கு வழி. அதையும் மூடினா சோத்துப்பானை மேல அம்மிக்கல்லை வச்சாப்புல."

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியாது" என்றாள் அவள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதுதான் அவள் செய்த தப்பு, ஒரு நாளைச் சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள்.

வில்லாயுதம் யோசித்தான். அவன் முரடன் இல்லை, அவள் சொன்னதைத் தள்ளிவிடவும் இல்லை. கூட்டத்தின் பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துத் திரும்பினான்.

"யக்கா, காடு உன்னுது. மலையும் உன்னுதுதான். தெனமும் அதுகிட்டப் போய் உக்காந்திருக்க. நீ சொல்லு. நீ வேண்டாம்னா நான் செய்யல."

ஊரே திரும்பிப் பார்த்தது. களஞ்சியத்துக்குத் தெரியும். ஒரு மாதமாக அந்த மூச்சு திணறிக்கொண்டிருப்பதை அவள் கேட்டிருந்தாள், அதை மூடக்கூடாது என்று திலகவதி சொல்வதற்கு முன்பே அவள் நெஞ்சுக்குத் தெரியும். சொல் வாய்வரைக்கும் வந்தது. ஆனால் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், பெண் பார்த்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்கு அந்த முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது, அந்த முகம் கேட்டதை அவள் ஒருநாளும் கொடுக்காமல் இருந்ததில்லை.

"ஒன் இஷ்டம்ய்யா" என்றாள்.

ஊர் முழுக்க வரிசையாக மலைமேல் நின்றது. அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் கைமாற்றிக் கைமாற்றிக் கல் ஏறியது. களஞ்சியமும் வரிசையில் நின்றாள், தன் கைக்கு வந்த கல்லை அடுத்த கையில் கொடுத்தாள். கடைசிப் பூச்சைப் பூசி வில்லாயுதம் கையைக் கழுவியபோது புகை நின்றிருந்தது, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது.

மேகம் வந்தது. முட்டியது. நின்றது. பிறகு பெய்தது, வாழ்நாளில் அந்த ஊர் பார்க்காத மழை, கூரைகளை அறைந்து, கண்மாய் நிரம்பி, மறுகால் பாய்ந்து, கிழக்கே இருந்த ஊரின் வயலுக்கும் ஓடியது. அவர்கள் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். வில்லாயுதம் மழையில் நனைந்துகொண்டு தெருத்தெருவாக நடந்தான், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "குடிச்சீங்களா? தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டான். களஞ்சியம் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள். தான் சொல்லாமல் விட்டதே நல்லது என்றுகூட நினைத்தாள். பின்னாளில் அவளை அதிகமாகச் சுட்டது அந்தச் சந்தோஷம்தான்.

அந்த ஒரு மழைக்காலமும் அடுத்த மழைக்காலமும் ஊர் செழித்தது. அதற்கப்புறம் கிணற்றுத் தண்ணீர் சுட ஆரம்பித்தது. அரிசியைக் கயிற்றுவாளியில் கட்டி இறக்கிச் சோறாக்கிக்கொண்டார்கள், விறகு மிச்சம் என்றார்கள். மலையின் வடபக்கம் நிறைமாசக்காரியின் வயிறு போலப் புடைத்தது. திலகவதி அங்கே இரண்டு கம்பை நட்டுவைத்து, தினமும் போய்ப் பார்த்தாள், கம்புகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போயின. ஆடுகள் கல்லின்மேல் படுப்பதை விட்டன. ஒரு காலையில் தரை நடுங்கி அடுப்பில் இருந்த பானைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டபோது, திலகவதி தெருவில் நின்று கத்தினாள், தொண்டை கிழியக் கத்தினாள், எல்லோரும் கிளம்புங்கள் என்று. இந்தத் தடவை ஊர் கேட்டது.

வண்டியிலும் நடையிலுமாகக் கிழக்கே போனார்கள். நிழலுக்குச் சண்டை போட்டவர்கள் எல்லைவரைக்கும் எதிரே வந்து, குழந்தைகளை வாங்கிக்கொண்டார்கள்.

களஞ்சியம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வில்லாயுதம் கடப்பாரையோடு வந்து நின்றான்.

"யக்கா, நீ டீச்சரம்மாவோட போ. நான் மேல போயிட்டு வந்துர்றேன்."

"எதுக்குய்யா?"

"அடைச்சவன் நான்தானே. நான்தான் தொறக்கணும். கொஞ்சம் வழி விட்டா, கடைசி வண்டி போற வரைக்குமாச்சும் தாங்கும்ல?" அவன் திலகவதியைப் பார்த்தான். அவள், "போகாதீங்கண்ணே, இனிமே தொறந்தும் பிரயோசனமில்ல" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, சாவடியில் அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி அக்காவைப் பார்த்தான். அவன் காத்திருந்தான், களஞ்சியம் சாகும்வரைக்கும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள், அவன் காத்திருந்தான், ஒரு சொல்லுக்காக.

"கஞ்சி குடிச்சுட்டுப் போய்யா" என்றாள்.

"வந்து குடிக்கிறேன்க்கா" என்று அவன் போனான்.

வெயில் சாய்கிற நேரத்தில் அவர்கள் கிழக்கூர் வயலில் நின்று பார்த்தார்கள். உச்சியில் ஒரு சின்னப் புள்ளி குனிந்து நிமிர்ந்து குனிந்து நிமிர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. மெல்லிசாக ஒரு இழை புகை கிளம்பியது. கடைசி வண்டி எல்லையைத் தாண்டியது. அப்புறம் மலையின் தலை இல்லை. சத்தம் பிறகுதான் வந்தது. சாம்பல் தூணாக எழும்பி, ஆகாயத்தில் பந்தல் போல விரிந்து, பகலை மூடியது. பெரிய பெரிய பாறைகள் தூரத்து வயல்களில் விழுந்து புகைந்தன. எல்லாம் ஓய்ந்து கண் தெரிந்தபோது, மிஞ்சி நின்ற பாதி மலையும் நின்ற இடத்திலேயே உள்ளே அமர்ந்துவிட்டது. அடியில் தாங்கிக்கொண்டிருந்ததெல்லாம் வெளியே போய்விட்டது, நிற்பதற்கு ஒன்றுமில்லை, அதனால் விழுந்துவிட்டது என்று திலகவதி அழுதுகொண்டே சொன்னாள். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால் அழும்போதும் அவளுக்குக் காரணம்தான் வந்தது.

ஊரில் வேறு ஒரு உயிரும் போகவில்லை. அவன் திறந்த அந்த இழை கடைசி வண்டிக்கு நேரம் கொடுத்ததா, இல்லை மலை தானாகத்தான் பொறுத்திருந்ததா என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் கொடுத்ததாகவே ஊர் வைத்துக்கொண்டது.

மலை இருந்த இடத்தில் பெரிய வட்டக்குழி இருந்தது, மிளகாய்க் காட்டைப் போலப் பல மடங்கு அகலம். மழை பெய்து அது நிறைந்தது. நிறைந்தது வற்றவில்லை. அத்தனை தண்ணீரை அந்தச் சீமை ஒருநாளும் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. ஊர் திரும்பி வந்து சாம்பலை வாரிக்கொட்டி வீடு கட்டியது, மீன் விட்டது, வாய்க்கால் வெட்டியது, நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கின, முன்பு மலைக்குப் பழகியது போலவே ஏரிக்குப் பழகியது. பெண் கேட்டு வருகிறவர்கள் ஏரியைப் பார்த்துவிட்டு உடனே சம்மதித்தார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அங்கே மலை இருந்தது தெரியாது, சொன்னாலும், இவ்வளவு பள்ளமான இடத்திலா, என்றன. களஞ்சியம் மட்டும் ஏரிக்குப் போகாமல், ஊரின் மறுபக்கத்தில் ஒரு குழாயடியில் காத்திருந்து தண்ணீர் பிடித்தாள்.

திலகவதி கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள், வருஷம் ஒருமுறை வருவாள். ஒருமுறை இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, "நான் அன்னிக்கே இன்னும் சத்தமாச் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"நீங்க சொன்னீக டீச்சரம்மா. அவன் உங்ககிட்டக் கேக்கல. எங்கிட்டக் கேட்டான்." களஞ்சியம் கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "ஒரு தடவை இல்ல. ரெண்டு தடவை கேட்டான்."

அவளுக்குத் தள்ளாமை வந்த பிறகு ஒரு நாள், ஊருக்குப் புதிதாகத் தலைவியாக வந்திருந்த பூமயில் என்ற பெண்ணும் இன்னும் நாலைந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். பழம் கொண்டுவந்திருந்தார்கள். நிலம் இன்னும் களஞ்சியத்தின் பேரில்தான் இருந்தது, தண்ணீருக்கு அடியில் இருந்தாலும்.

"பெரியத்தா, ஏரிக்கரையில வில்லாயுதம் மாமாவுக்கு ஒரு சிலை வைக்கலாம்னு ஊர்ல முடிவு பண்ணியிருக்கோம்" என்றாள் பூமயில். "கையில கடப்பாரையோட. உங்க எடம், உங்க தம்பி. நீங்க சரின்னு சொல்லணும்."

நல்ல மனதோடு வந்தவர்கள். கெடுதல் ஒன்றும் இல்லாத காரியம். களஞ்சியம் அவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தாள், உங்க இஷ்டம் என்கிற வழக்கமான சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள்.

"வேண்டாம்" என்றாள். பிறகு, காது கேட்காதவர்களுக்குச் சொல்வது போல, "வைக்கக் கூடாது. நான் விட மாட்டேன்" என்றாள்.

வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தவளைப் போல நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பூமயில் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி பெரியத்தா" என்றாள். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம். விடுங்க." பக்கத்திலிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் முகமும் வாடவில்லை. அவர்கள் இந்த வருஷம் விரால் நன்றாக வந்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள், அவள் கொடுத்த மோரைக் குடித்தார்கள், போய்விட்டார்கள்.

களஞ்சியம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவ்வளவுதானா, என்று கேட்டாள், யாரும் இல்லாத அந்த அறையில், இரண்டு முறை, மூன்று முறை, இவ்வளவுதானா அது, இவ்வளவு லேசா, என்று. தம்பி செத்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.